பேச்சியக்கா மெயினை இறக்கிய நாள்

நான் ரிட்டயர் ஆன பிறகும் எங்க பிரஸ்ஸோட வாட்ஸ்அப் குரூப்ல இருந்து என்னைய வெளிய தள்ளாம வச்சிருக்காக. பெரிய மனசுதான். இப்ப கொஞ்ச நாளா அதுல வர்றது ஒரே கேள்வி. "மேடம், பழைய விண்டோசுக்கு இனிமே அப்டேட் வராதாமே. எங்க மிஷினு புதுசை ஏத்துக்கிட மாட்டேங்குது. அதே டிரைவ்ல பக்கத்துல லினக்ஸ் போட்டுக்கிடலாமா? பழசு போயிருமா?"

போகாதுய்யா. ஒழுங்காப் போட்டா போகாது. ஒழுங்காப் போட்டும் போகப் பாத்த கதை ஒண்ணு என்கிட்ட இருக்கு. அதை வாயால சொன்னா பாதியிலயே எனக்குச் சிரிப்பு வந்துரும், மீதி உங்களுக்குக் கிடைக்காது. அதனாலதான் எழுதுறேன்.

நான் விருதுநகர்ல வத்தல், மல்லி யாவாரம் பண்ணுன வீட்டுப் பொண்ணு. பேரு சபுரா. அத்தாவுக்கு நான் கடைக் கணக்குப் பாக்கணும்னு ஆசை. எனக்கு வத்தல் நெடி வந்தாலே தும்மல். டைப் அடிக்கப் போன இடத்துல மாடியில கம்ப்யூட்டர் கிளாஸ் நடந்துச்சு, படியேறிட்டேன். அதுக்குப் பிறகு சிவகாசியில ஒரு காலண்டர் பிரஸ்ல வேலை. தினமும் பஸ்ஸு. திருத்தங்கல் தாண்டுனா அடுத்தது சிவகாசிதான், கூடையைத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சு நின்னுக்கிடுவேன். படிப்புன்னு சொன்னா அம்புட்டுத்தான். மீதியெல்லாம் மிஷின் கெட்டுப் போய்க் கெட்டுப் போய் எனக்குக் கத்துக் குடுத்தது.

எங்க முதலாளியை எல்லாரும் அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவோம். சின்ன வயசுல மிஷின்மேனா இருந்து சொந்தமா பிரஸ் போட்டவுக. குரலை ஒசத்த மாட்டாக. கோவம்னா கண்ணாடியைக் கழட்டித் துடைப்பாக. துடைக்கிற வேகத்தை வச்சு நாம ஒதுங்கிக்கிடணும். புதுசா எதைச் செய்யப் போறேன்னு சொன்னாலும் ஆகும், ஆகாதுன்னு சொல்ல மாட்டாக. ஒரே ஒரு கேள்விதான் கேப்பாக. "இதுல எது போனா திரும்ப வராது?" அம்புட்டுத்தான். பதில் இல்லாம அந்த ரூமை விட்டு வெளிய வர முடியாது. நான் எத்தனையோ புத்தகம் வாசிச்சிருக்கேன், அந்தக் கேள்வியை விடப் பெரிய பாடம் எதுலயும் கிடைக்கலை.

ஒரே டிரைவ்ல ரெண்டு சிஸ்டம் நான் மொதமொத போட்டது கணக்குப் பிள்ளை கம்ப்யூட்டர்ல. பழைய விண்டோஸ் ஒண்ணு, அப்ப வந்த புது விண்டோஸ் ஒண்ணு. பழசை மொதல்ல போட்டு புதுசை அடுத்துப் போடணும், மாத்திப் போட்டா புதுசு முகத்தைத் திருப்பிக்கிடும். ஒழுங்காத்தான் போட்டேன். மறுநாள் காலையில கணக்குப் பிள்ளை மூச்சு வாங்க ஓடி வாராரு. "மேடம், வைரஸ் வந்துருச்சு! கருப்பா ஒரு திரை, ரெண்டு வரி, எண்ணிக்கை வேற கொறைஞ்சுக்கிட்டே வருது!"

"அண்ணே, அது எது வேணும்னு உங்களைக் கேக்குது. அம்புக்குறியை அமுக்கி ஒண்ணைத் தொடுங்க."

"என்னைய எதுக்குக் கேக்கணும்? அதுக்கே தெரியாதா?"

அந்த மனுசன் கடைசி வரைக்கும் தொடலையே! கையைக் கட்டிக்கிட்டு எண்ணிக்கை முடியுற வரைக்கும் நிப்பாரு, தானா எது வருதோ அதுல உக்காந்துக்கிடுவாரு. எதையும் தொட்டா வெடிக்கும்னு நெனைக்கிற ஊரு இது, அவரைச் சொல்லிக் குத்தமில்லை.

சரி, விசயத்துக்கு வாரேன். நான் ரிட்டயர் ஆகுறதுக்குக் கொஞ்ச வருசம் முந்தி நடந்தது.

எங்க பிரஸ்ல தினம் கிழிக்கிற காலண்டருக்கு உள்ள தேதித் தாளை அமைக்கிறது பேச்சியக்கா. நல்ல நேரம், ராகு காலம், எந்தக் கோயில்ல என்ன விசேஷம், பெருநாள், கிறிஸ்துமஸ், எல்லாம் அவுக விரல் வழியாத்தான் தாளுக்கு வரும். "சபுராம்மா, இந்த வருசம் பிறை என்னைக்குத் தெரியும்?"னு என்னைக் கேப்பாக. "மேகத்தைக் கேளுங்க"ம்பேன். நெஞ்சுல அடிச்சுக்கிட்டுச் சிரிப்பாக. அவுக அதுக்கு முந்தி பட்டாசுக் கம்பெனியில வெடிமருந்து ரூம்ல இருந்தவுக. பக்கத்து ரூம்ல தீப்பிடிச்ச அன்னைக்குச் செருப்பைக் கூட எடுக்காம ஓடி வந்தவுக, அதுக்குப் பிறகு அந்தக் கம்பெனி வேன்ல காலை வைக்கலை. எங்க பிரஸ்ல கூட்ட வந்து, ஒரு விரலால தட்டப் பழகி, அந்த நாற்காலியில உக்காந்தாக.

அவுகளுக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு பழைய தமிழ் அச்சுக்கோப்பு சாப்ட்வேர். அது பழைய விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும். அதைச் செஞ்ச கம்பெனியும் மூடியாச்சு. அந்த நேரம் பாத்து, அச்சடிக்கிற தகடு, அதான் பிளேட்டு, அதைப் போடுற மிஷினுக்குப் புது சாப்ட்வேர் வந்துச்சு. அது லினக்ஸ்லதான் ஓடும். பிளேட் மிஷினோட வயரு வந்து சேர்றது பேச்சியக்கா கம்ப்யூட்டர்ல. அந்த வயரை வேற பெட்டியில மாட்டணும்னா அதுக்குத் தனியா ஒரு கார்டு வேணும், அது மத்ததுல கிடையாது. பெட்டியும் ஒல்லிப் பெட்டி, இன்னொரு டிரைவ் வைக்க உள்ள இடமில்லை.

அண்ணாச்சியோட மருமகனை நாங்க சின்னவர்னு சொல்லுவோம். நல்ல பையன்தான், ஆனா அவசரக் குடுக்கை. "மேடம், எதுக்குத் தலைவலி? பழசை அழிச்சிட்டு லினக்ஸை மட்டும் போடுங்க. தேதித் தாளை மதுரையில குடுத்து வாங்கிக்கிடுவோம்"னாரு.

"அப்ப பேச்சியக்கா?"

"பைண்டிங்ல நிக்கட்டும்."

நிக்கட்டும்னா என்ன அர்த்தம்? பைண்டிங்ல நாள் பூரா நின்னுதான் ஆகணும். பேச்சியக்காவுக்கு முழங்கால் போயி வருசக் கணக்காச்சு. மத்தியானம் டப்பாவைத் திறந்து வச்சுக்கிட்டு, சாப்பிடாம என்கிட்ட சொன்னாக: "உக்காந்து செய்யுற வேலை எனக்கு இதை விட்டா ஒண்ணுதான் தெரியும் சபுராம்மா. அதுக்குப் பட்டாசுக் கம்பெனி வேன்ல ஏறணும். விடியக்காலையில அந்த ஹாரன் சத்தம் கேட்டா இன்னமும் நான் கதவைச் சாத்திக்கிடுறேன்."

எனக்குப் பொசுக்குனு கோவம் வந்துருச்சு. நேரா அண்ணாச்சி ரூமுக்குப் போனேன். "ரெண்டையும் ஒரே டிரைவ்ல வச்சுக் காட்டுறேன் அண்ணாச்சி. பழசும் இருக்கும், புதுசும் இருக்கும்."

அண்ணாச்சி மேசையில கிடந்த தாளை எடுத்து நடுவுல மடிச்சாக. "ஒரே தாளுல ரெண்டு பார்ட்டி வேலையைச் சேத்து ஓட்டுவோமே, அது மாதிரியாம்மா? நடுவுல வெட்டுக்கோடு போட்டு?"

"அதேதான் அண்ணாச்சி."

"கோடு நகந்தா ரெண்டு பார்ட்டியும் சண்டைக்கு வருவான்."

"வருவான்."

"சரி. இதுல எது போனா திரும்ப வராது?"

"செஞ்சு பாத்துட்டு வந்து சொல்றேன்"னு தவணை வாங்கிக்கிட்டுத்தான் அந்த ரூமை விட்டு வந்தேன். போயி ஒத்திகை பாத்தேன். டிரைவை அப்படியே நகல் எடுத்து இன்னொரு டிரைவ்ல ஊத்தினேன். விண்டோஸ் வந்துச்சு, பேச்சியக்காவோட பக்கமெல்லாம் வந்துச்சு. சாப்ட்வேரைத் தட்டினா, பூட்டு இல்லைன்னு சொல்லி மூடிக்கிடுச்சு. பழைய காலத்து ஆளுக திருட்டுக்குப் பயந்து அந்த டிரைவுக்குள்ளயே கண்ணுக்குத் தெரியாத இடத்துல ஒரு பூட்டைப் பதிச்சு வச்சிருக்காக. நகலைத் திரும்ப அதே டிரைவ்ல ஊத்தினாலும் அந்தப் பூட்டு மேலயே விழுந்து அழிச்சிரலாம். "அண்ணாச்சி, திரும்ப வராதது அந்தப் பூட்டு. அது போனா பேச்சியக்கா வேலை போச்சு"ன்னு வந்து சொன்னேன். கண்ணாடியைக் கழட்டுனாக. மெதுவாத்தான் துடைச்சாக. "அப்ப அதைத் தொடாம செய்யி. ஆடிப்பெருக்குக்கு முந்தி முடிக்கணும்"னாக.

ஆடிப்பெருக்குன்னா சிவகாசியில அடுத்த வருசக் காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போட்டு ஏஜெண்டுக கையில குடுக்குற நாளு. அதுல மாதிரித் தேதித் தாள் இருந்தாகணும். அதுக்கு பிளேட் வேணும். இருந்தது கொஞ்ச நாளுதான்.

வேலையை ஆரம்பிச்சேன். விண்டோசை முழுசா அமத்தணும், அரைத் தூக்கத்துல விடக் கூடாது. பக்கமெல்லாம் தனியா நகல் எடுத்தாச்சு. யுபிஎஸ் பேட்டரியைச் சோதிச்சாச்சு. லினக்ஸை பென் டிரைவ்ல இருந்து எழுப்பி, விண்டோசோட இடத்தைச் சுருக்கச் சொன்னேன். சுருக்குறது சும்மா கோடு போடுறது இல்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் சிதறிக் கிடக்குற சாமானை எல்லாம் ஒண்ணொண்ணா இந்தப் பக்கம் தூக்கி வைக்கணும். தூக்குறப்ப கரெண்டு போனா, கையில இருக்குறது எந்தப் பக்கமும் சேராது. அவ்வளவு பழைய டிரைவுல அது லேசுல முடியாது. மெல்ல மெல்ல நகந்துக்கிட்டு இருந்துச்சு.

பசி. பேச்சியக்காவைக் கூப்பிட்டேன். "யக்கா, நான் ரெண்டு வாய் சாப்பிட்டு வாரேன். இங்கனயே உக்காருங்க. யாரும் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது, நீங்களும் தொடக் கூடாது."

"சாமி சத்தியமாத் தொட மாட்டேன்"னு சொல்லி, பக்கத்துல முட்டுக்கட்டை மாதிரி உக்காந்துக்கிட்டாக.

பின்னாடி ரூம்ல டப்பாவைத் திறந்தேன். வெளிய இருட்டிக்கிட்டு வந்துச்சு. ஆடியில எப்பவாச்சும் அப்படி வரும். தூரத்துல ஒரு இடி. அடுத்து பக்கத்துலயே ஒண்ணு, ஜன்னலே அதிர்ந்துச்சு. பிரியாணியை வாயில வச்சேன்; பட்டுனு எல்லாம் நின்னுருச்சு. பேன், ஏசி, கீழே ஓடுன ரெண்டு பிரிண்டிங் மிஷின், அம்புட்டும். சரி, கரெண்டு போச்சு, யுபிஎஸ் இருக்குன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். அது 'பீப், பீப்'னு கத்துறது எனக்குக் கேட்டுச்சு. நல்ல சத்தம். ரெண்டு வாட்டி கத்துச்சு. மூணாவது கேக்கலை.

அந்தச் சத்தம் நின்னப்ப என் உசுரும் கூட நின்னுச்சு. கையைக் கூட கழுவாம ஓடினேன்.

பேச்சியக்கா மெயின் போர்டு பக்கத்துல நிமிந்து நிக்காக. முகத்துல ஒரு பெருமை! "அமத்திட்டேன் சபுராம்மா! மெயினை இறக்கிட்டேன். அங்கன ஒரு டப்பா கெடந்து கத்துச்சு, அதையும் அமத்திட்டேன். கம்ப்யூட்டரை மட்டும் நான் தொடவே இல்லை, நீங்க சொன்னீகள்ல!"

யா அல்லா!

பட்டாசுக் கம்பெனியில இடி கேட்டா மெயினை இறக்கிட்டு ஷெட்டை விட்டு வெளிய வந்துரணும். யாரையும் கேக்கக் கூடாது, யோசிக்கக் கூடாது, யோசிக்கிற நேரத்துல எல்லாம் முடிஞ்சு போகும். அத்தனை வருசம் அதைச் செஞ்ச கை, இடி கேட்டதும் தானாப் போயிருக்கு. எதுவாச்சும் கத்துனா அது ஆபத்து, அதையும் அமத்தணும். அவுகளைப் பொறுத்தவரை எங்க எல்லாரையும் காப்பாத்தியாச்சு.

இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் புரிஞ்சது. அந்த நிமிசம் எனக்கு மூக்குக்கு மேல கோவம். "ஏக்கா, கெடுத்தீகளே! உங்க வேலையைக் காப்பாத்தத்தானே இம்புட்டும் செஞ்சேன்!"னு கத்திட்டேன். அவுக முகம் அப்படியே வாடிப் போச்சு. கம்ப்யூட்டரைப் பாத்தாக, என்னைப் பாத்தாக. "எனக்கு நானே கொள்ளி வச்சுக்கிட்டேனா?"ன்னாக. அப்புறம் சத்தமே இல்லாம, "சாயங்காலமே வேன்காரர்ட்ட சொல்லி வச்சிடுறேன்"னாக. என் கோவம் போன இடம் தெரியலை.

மழை விட்டதும் மெயினைப் போட்டோம். விண்டோஸ் வரலை. கருப்புத் திரைதான். சின்னவர் எட்டிப் பாத்தாரு. "போச்சுல்ல? விடுங்க மேடம், அழிச்சிட்டு லினக்ஸைப் போட்டுருவோம்"னு கீபோர்டுல கையை வைக்கப் போனாரு.

"கையை எடுங்க சின்னவரே!" எனக்கே என் குரல் புதுசா இருந்துச்சு. எடுத்துட்டாரு.

இந்த இடத்துல பிள்ளைகளா, நல்லாக் கேட்டுக்கோங்க. இப்படி ஆனா மொத காரியம் எதையும் செய்யாம இருக்குறது. அந்த டிரைவ்ல ஒரு எழுத்து எழுதக் கூடாது. மறுபடி பென் டிரைவ்ல எழுப்பி, பாக்க மட்டும் செஞ்சேன். பாத்தா, விண்டோசோட எல்லை பழைய இடத்துலயே இருந்துச்சு! சாமானைத் தூக்கி வைக்கிற வேலைதான் பாதியில நின்னிருக்கு. கோட்டை மாத்துறது கடைசி வேலை, அது இன்னும் ஆரம்பிக்கலை. தாளைக் கட்டிங் மிஷின்ல வச்சாச்சு, கத்தி மட்டும் இறங்கலை.

எனக்கு உசுரு வந்துச்சு. விண்டோசோட ரிப்பேர் சிடியைப் போட்டு, டிரைவைச் சோதிச்சுச் சரி பண்ணச் சொன்னேன். அது ஓடுச்சு. கொஞ்சம் ஓடும், ஒரே எண்ணுல நின்னுக்கிடும். நம்மளைச் சோதிக்கவே செஞ்ச சாமான் அது. பேச்சியக்கா என் நாற்காலிக்குப் பின்னாடி நின்னு மாரியாத்தாவைக் கூப்பிடுதாக, நான் இந்தப் பக்கம் ஓதிக்கிட்டு இருக்கேன். பைண்டிங்ல இருந்து எல்லாரும் வந்து வாசல்ல கூடிட்டாக.

விண்டோஸ் வந்துச்சு.

யாரும் கை தட்டலை. ஏன்னா பூட்டு இருக்கான்னு இன்னும் தெரியாதே. "நீங்களே தட்டுங்க யக்கா"ன்னு எந்திரிச்சேன். "நான் மாட்டேன், என் கை ராசியில்லாத கை"னாக. பிடிச்சு உக்கார வச்சேன். அந்த ஒத்தை விரலால ரெண்டு தடவை தட்டுனாக. வெள்ளைத் திரை. ஒண்ணும் காணோம். பிறகு மெதுவா மேல இருந்து எழுத்து இறங்குச்சு. ஜனவரி ஒண்ணு, அதுக்குக் கீழ நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் அது அது இடத்துல!

பேச்சியக்கா போட்ட குலவை கீழ மிஷின் ரூம் வரைக்கும் கேட்டுச்சாம். என்னைக் கட்டிப் பிடிச்சு, என் முக்காடெல்லாம் கண்ணீரு. நானும்தான் அழுதேன், அதுல என்ன வெக்கம்?

மறுநாள் மறுபடி ஆரம்பிச்சேன். இந்தத் தடவை பேச்சியக்காவை மொட்டை மாடியில நிறுத்திட்டேன். வானத்தைப் பாத்துக்கிட்டே, "மேகம் இல்லை, ஓட்டுங்க!"னு மேல இருந்து சத்தம் குடுத்துக்கிட்டே இருந்தாக. முழங்கால் வலியெல்லாம் அன்னைக்கு எங்க போச்சோ தெரியலை. சுருக்கி முடிஞ்சது. கிடைச்ச இடத்துல லினக்ஸ் ஏறிச்சு. திரும்ப எழுப்பினேன், கருப்புத் திரையில ரெண்டு வரி. மேல லினக்ஸ், கீழ விண்டோஸ். ரெண்டையும் திறந்து பாத்தேன், ரெண்டும் சுகமா இருந்துச்சு, அக்காவோட சாப்ட்வேரும் பூட்டு இல்லைன்னு சொல்லாமத் திறந்துச்சு.

சாயங்காலம் அண்ணாச்சி வந்தாக. பேச்சியக்கா தேதித் தாளை முடிச்சு வச்சிருந்தாக. லினக்சுக்கு மாறி பிளேட் போட்டோம், மாதிரித் தாள் ஒண்ணு ஓட்டி வந்துச்சு. அண்ணாச்சி அதை வெளிச்சத்துல தூக்கிப் பாத்து, "நல்லா வந்துருக்கு"ன்னாக. அந்த வாயில இருந்து அது வர்றது பெரிய பட்டம். சின்னவருக்கு வாய் சும்மா இருக்குமா?

"மாமா, நேத்து இதை மொத்தமாக் கவுக்கப் பாத்தது யாருன்னு கேளுங்க. ஓடிக்கிட்டு இருக்கும்போது மெயினை இறக்கியிருக்காக."

எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டோம்.

"யாரு இறக்குனது?"ன்னு அண்ணாச்சி கேட்டாக.

பேச்சியக்கா எந்திரிச்சு முன்னாடி வந்தாக. "நான்தான் அண்ணாச்சி. இடி கேட்டுச்சு. கை தானாப் போயிருச்சு. சபுராம்மாவை ஒண்ணும் சொல்லாதீக. இது தெரிஞ்சா என்னைய வச்சுக்கிட மாட்டீகன்னு நேத்தே வேன்காரர்ட்ட பேசிட்டேன், திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காரு."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழட்டுனாக. எனக்குத் திக்குனு ஆச்சு. ஆனா துடைக்கலை. கையிலயே வச்சுக்கிட்டு, மருமகனைப் பாத்து, "இடி இடிச்சப்ப நீ எங்கன இருந்த?"ன்னாக.

"நான்... போன்ல பேசிக்கிட்டு இருந்தேன் மாமா."

"பாத்தியா." அண்ணாச்சி பேச்சியக்கா பக்கம் திரும்புனாக. "இந்த ஊர்ல இடி கேட்டும் மெயினை இறக்காத ஆளை நம்பி நான் எப்படிம்மா பிரஸ்ஸை விட்டுட்டுப் போறது? கீழ அம்புட்டு மையி, அம்புட்டு தாளு கிடக்கு. வேன்காரர்ட்ட வரலைன்னு சொல்லிரு. அந்த நாற்காலி உனக்குத்தான். இன்னையில இருந்து மெயின் பொறுப்பும் உனக்குத்தான்."

பேச்சியக்கா கையெடுத்துக் கும்பிட்டாக. அந்நேரம் பாத்து, நான் பொய் சொல்லலை, தூரத்துல ஒரு இடி உருண்டுச்சு. எல்லாரும் பேச்சியக்காவைப் பாத்தாக. பேச்சியக்கா அண்ணாச்சியைப் பாத்தாக.

"என்னைய ஏம்மா பாக்குற? சபுராவைப் பாரு"ன்னாக அண்ணாச்சி.

அவ்வளவுதான், பிரஸ்ஸே சிரிச்சு உருண்டுச்சு. சின்னவர் கூட சிரிச்சுட்டாரு. நான் ஓடிப் போய், திறந்து கிடந்ததை எல்லாம் சேமிச்சு, லினக்ஸை முறைப்படி அமத்தினேன். விளக்கு அணையுற வரைக்கும் காத்திருந்தேன். யுபிஎஸ்ஸையும் நானே அமத்தினேன். திரும்பிப் பாத்தா, பேச்சியக்கா மெயின் போர்டுல கையை வச்சுக்கிட்டு, வானத்தைப் பாக்காம என்னையவே பாத்துக்கிட்டு நிக்காக. இடி மறுபடியும் இடிக்குது. இந்தத் தடவை கை தானாப் போகலை. நான் தலையாட்டட்டும்னு நிக்காக.

நான் தலையாட்டினேன்.